100 ரூபாய் பெட்ரோல் மிச்சம், 1,13,520 ரூபாய் செலவு: வெளிநாட்டு வெயிலும் கார் டிரைவிங்கும்



துபாய் ட்ரிப் பட்ஜெட் வீடியோவுல ஒரு விஷயத்தை ஒரே வரியில தாண்டிப் போயிட்டேன். "ஜூலை, ஆகஸ்ட்ல போனா டிக்கெட், ஹோட்டல் எல்லாமே விலை இறங்கும். வெயில் மட்டும் கொஞ்சம் அதிகமா இருக்கும், அவ்வளவுதான்"னு சொல்லியிருந்தேன். அந்த "அவ்வளவுதான்" தப்பு. அது தப்புன்னு எனக்கு ஏற்கெனவே தெரியும். ஏன்னா 2024 ஜூலையில நானே அதுக்கு விலை கொடுத்தவன். வீடியோவுல அதைச் சொல்ல கொஞ்சம் கூச்சமா இருந்தது. இங்கே முழுசா எழுதிடறேன்.

முதல்ல நடந்ததைச் சொல்றேன். அப்புறம் கணக்கு. அதுக்கப்புறம் நீங்க போகும்போது என்னென்ன பண்ணணும்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

அல் ஐன்ல ஒரு மதியம்

நான், மனைவி, அப்பா, அம்மா, நாலு பேர். டிசம்பருக்குப் பதிலா ஜூலையில போனதால டிக்கெட், ஹோட்டல் ரெண்டும் சேர்த்து எங்களுக்கு 62,000 ரூபாய் மிச்சம். பெருமையா இருந்தது. அஞ்சு நாளைக்கு ஒரு சின்ன கார் வாடகைக்கு எடுத்தோம். மூணாவது நாள் துபாயிலிருந்து அல் ஐன் போனோம். ஒண்ணரை மணி நேர டிரைவ், ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும்.

மதியம் ஒரு மணிக்கு ஒரு திறந்தவெளி பார்க்கிங்லேர்ந்து வண்டியை எடுக்கும்போது, வண்டியோட வலது முன்பக்கம் பக்கத்துல நின்ன கார்ல உரசிடுச்சு. சின்ன கீறல்தான். ஆனா அங்கே போலீஸ் ரிப்போர்ட் இல்லாம ஒரு கீறலைக்கூட ஒர்க்‌ஷாப்ல சரி பண்ண மாட்டாங்க. அதனால போன் பண்ணிட்டுக் காத்திருந்தோம். வண்டியோட டிஸ்பிளேல வெளி வெப்பம் 46 டிகிரி.

இந்த இடத்துலதான் எனக்குள்ள இருக்கிற கணக்குப்பிள்ளை முழிச்சுக்கிட்டான். "சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்கு இன்ஜின்? பெட்ரோல் வேஸ்ட்"னு ஆஃப் பண்ணிட்டேன். ஏ.சி.யும் நின்னுடுச்சு. கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா கொஞ்ச நேரம் உள்ளே, கொஞ்ச நேரம் வெளியே. அவருக்கு 67 வயசு, பிபி மாத்திரை சாப்பிடறவர். "எனக்கென்னப்பா, கத்திரி வெயில்லயே சைக்கிள் மிதிச்ச ஆளு"ன்னார்.

அரை மணி நேரம் ஆச்சு. அப்பா என்கிட்ட, "அம்மா எங்கப்பா போனா?"ன்னார். அம்மா அவர் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க. கிண்டல் பண்றார்னு நினைச்சேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு அதையே திரும்பக் கேட்டார். வார்த்தை குழறுச்சு. தொட்டா உடம்பு கொதிக்குது. அப்போதான் எனக்கு உறைச்சது.

பக்கத்துக் கடையோட செக்யூரிட்டி ஒருத்தர் ஓடிவந்து, அப்பாவைத் தாங்கிப் பிடிச்சு ஏ.சி.க்குள்ள கூட்டிட்டுப் போனார். சட்டையைக் கழட்டி, ஈரத் துண்டைப் போட்டு, ஆம்புலன்ஸுக்கும் அவரே போன் பண்ணினார். ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தி, ராத்திரி வரை வெச்சுப் பார்த்து அனுப்பினாங்க. "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கதை வேற"ன்னு டாக்டர் சொன்னார். இப்போ அப்பா நல்லா இருக்கார். அதனாலதான் இதை உட்கார்ந்து எழுத முடியுது.

இப்போ கணக்குக்கு வருவோம்

கார்டு மார்க்அப் எல்லாம் சேர்த்து ஒரு திர்ஹாம் 24 ரூபாய்னு வெச்சுக்கலாம்.

- ஆஸ்பத்திரி பில்: 2,900 திர்ஹாம் = 69,600 ரூபாய்
- கார் கீறலுக்கு நான் கட்டின எக்ஸஸ்: 1,500 திர்ஹாம் = 36,000 ரூபாய்
- ஸ்பீடு ஃபைன் ஒண்ணு, வாடகை கம்பெனியோட சர்வீஸ் சார்ஜ் சேர்த்து: 330 திர்ஹாம் = 7,920 ரூபாய்

மொத்தம் 1,13,520 ரூபாய்.

டிராவல் இன்சூரன்ஸ் இருந்ததான்னு கேப்பீங்க. இருந்தது. ஆனா ஃபார்ம்ல "ஏற்கெனவே உள்ள நோய்" கேள்விக்கு அப்பாவோட பிபியை நான் குறிப்பிடலை. குறிப்பிட்டா பிரீமியம் 2,800 ரூபாய் ஏறியிருக்கும். கிளெய்ம் ரிஜெக்ட் ஆச்சு. அதுல கம்பெனி மேல எனக்குக் கோபமே இல்லை. கிளையன்ட்கிட்ட "எதையும் மறைக்காதீங்க"ன்னு தினமும் சொல்ற ஆளு நான். வீட்டு விஷயத்துல நானே மறைச்சேன்.

இப்போ எதிர்ப்பக்கம் பாருங்க. இதையெல்லாம் தவிர்க்க எவ்வளவு ஆகியிருக்கும்?

- பிபியைச் சொல்லி எடுத்த பாலிசி: கூடுதலா 2,800 ரூபாய்
- எக்ஸஸ் கட்டத் தேவையில்லாத முழு கவர்: ஒரு நாளைக்கு 45 திர்ஹாம், அஞ்சு நாளைக்கு 225 திர்ஹாம் = 5,400 ரூபாய்
- ஓ.ஆர்.எஸ். பாக்கெட், தெர்மாமீட்டர், தொப்பி, குடை: 1,500 ரூபாய்
- இன்ஜினை ஆஃப் பண்ணாம விட்டிருந்தா எரியும் பெட்ரோல்: 100 ரூபாய்

மொத்தம் 9,800 ரூபாய். ஸ்பீடு ஃபைனைத் தவிர்க்க ஒரு பைசா ஆகாது, போர்டைப் படிச்சாப் போதும்.

அந்தக் கடைசி 100 ரூபாயைக் கொஞ்சம் கவனிங்க. நிக்கிற சின்ன கார்ல ஏ.சி. ஓடினா ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர், மிஞ்சிப்போனா ஒண்ணரை லிட்டர் பெட்ரோல் ஆகும். அப்போ அங்கே லிட்டர் மூணு திர்ஹாம் பக்கம்தான் இருந்தது. நான் மிச்சம் பிடிச்சது அவ்வளவுதான்.

இதுல எனக்குப் புரிஞ்ச பாடம் ஒண்ணுதான். ஆஃப் சீசன் டிஸ்கவுன்ட் நமக்குக் கிடைச்ச லாபம் கிடையாது. வெயிலோட ரிஸ்க்கை நாம ஏத்துக்கறதுக்கு அவங்க கொடுக்கிற கூலி அது. அந்தக் கூலியில ஒரு பங்கை அந்த ரிஸ்க்கைக் குறைக்கவே செலவு பண்ணணும். மிச்சமான தொகையில 20 சதவீதத்தைத் தனியா எடுத்து வெச்சிடுங்க. என் விஷயத்துல அது 12,400 ரூபாய். தேவைப்பட்டது 9,800தான்.

"நமக்கு வெயில் பழக்கம்தானே?"

நம்மாளுங்க எல்லாரும் சொல்ற வசனம் இது. சென்னையில 2003 மே 31-ம் தேதி 45 டிகிரி அடிச்சது. அதை நாம இன்னும் பேசிக்கிட்டிருக்கோம். வளைகுடாவுல ஜூலை, ஆகஸ்ட்ல 45 டிகிரி சாதாரண நாள். அபுதாபி எமிரேட்ல இருக்கிற ஸ்வைஹான்ல 2025 மே 24-ம் தேதி 51.6 டிகிரி பதிவாச்சு. மே மாசக் கணக்கு அது!

இன்னொரு விஷயம். வெயிலுக்கு உடம்பு பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். காலையில ஏ.சி. கேப், பகல்ல ஏ.சி. ஆபீஸ், ராத்திரி ஏ.சி. பெட்ரூம்னு இருக்கிற நமக்கு சென்னை வெயிலே பழக்கம் கிடையாது. அஞ்சு நாள் டூர்ல உடம்பு பழகறதுக்குள்ள ரிட்டர்ன் ஃபிளைட் வந்துடும்.

உடம்பு எப்படிக் குளிருதுன்னு தெரிஞ்சா எச்சரிக்கை தானா வரும். வேர்வை வந்தா மட்டும் போதாது, அது ஆவியாகணும். அப்போதான் உடம்புச் சூடு இறங்கும். துபாய் கடற்கரை ஊர். காத்துல ஈரப்பதம் அதிகம். வேர்வை வழியும், ஆனா காயாது, அதனால சூடு இறங்காது. அல் ஐன் உள்நாட்டுப் பாலைவன ஊர். அங்கே வேர்வை வந்த உடனே காய்ஞ்சிடும். சட்டை நனையாது. "எனக்கு வேர்க்கவே இல்லையே"ன்னு நாம நினைச்சுக்கிட்டிருப்போம், உள்ளே தண்ணியும் உப்பும் குறைஞ்சுக்கிட்டே போகும். அப்பாவுக்கு நடந்தது இதுதான்.

அதனால:

1. தாகம் எடுக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. வெளியில இருக்கும்போது அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. ரொம்ப வேர்க்கிற நாள்ல வெறும் தண்ணி மட்டும் போதாது, நடுவுல ஓ.ஆர்.எஸ். அல்லது உப்பு போட்ட மோர். சுகர், பிபி, கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க எவ்வளவு தண்ணி, எவ்வளவு உப்புன்னு டாக்டரைக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

2. சில பிபி மாத்திரைகள், முக்கியமா நீர் பிரியறதுக்கான மாத்திரைகள், உடம்புல தண்ணியைக் குறைக்கும். நீங்களா நிறுத்தக் கூடாது. கிளம்பறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட "இந்த ஊருக்கு, இந்த மாசம் போறோம்"னு சொல்லுங்க.

3. ஐக்கிய அரபு அமீரகத்துல ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயில்ல நின்னு வேலை செய்யறதுக்கே தடை இருக்கு. கட்டடத் தொழிலாளிக்கே அந்த நேரம் ஓய்வுன்னா, டூரிஸ்டுக்கு என்ன அவசரம்? அந்த நேரத்துல மால், மியூசியம், இல்லைன்னா ஹோட்டல் ரூம்ல தூக்கம்.

4. அறிகுறிகளைக் குடும்பத்துல எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. தலைவலி, தலைசுத்தல், குமட்டல், தசைப்பிடிப்பு, அதிக வேர்வை: இது முதல் கட்டம். உடனே நிழல் அல்லது ஏ.சி., தண்ணி, ஓய்வு. பேச்சு குழறுறது, சம்பந்தமில்லாம பேசறது, நடை தள்ளாடறது, மயக்கம்: இது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அமீரகத்துல ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999. போன் பண்ணிட்டுச் சும்மா நிக்காதீங்க. துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி தெளிச்சு, விசிறிக்கிட்டே இருங்க. கழுத்து, அக்குள், தொடை இடுக்குல ஐஸ் வைங்க. நினைவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க. பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

5. நிறுத்தின கார் பத்தே நிமிஷத்துல பத்து டிகிரி வரை சூடேறும். "ரெண்டு நிமிஷம்தானே"ன்னு குழந்தையையோ வயசானவங்களையோ உள்ளே விட்டுட்டுப் போகவே கூடாது. பவர் பேங்க், லைட்டர், ஸ்ப்ரே, இன்சுலின், மாத்திரை எதையும் வண்டியில விட்டுட்டு இறங்காதீங்க.

மாத்திரைன்னதும் இன்னொண்ணு. நம்ம ஊர்ல சாதாரணமா கிடைக்கிற சில இருமல் மருந்து, வலி மாத்திரைகள்ல இருக்கிற கோடீன், டிரமடால் அங்கே கட்டுப்பாட்டுல இருக்கு. எதை எடுத்துட்டுப் போனாலும் டாக்டர் சீட்டோட எடுத்துட்டுப் போங்க.

வலப்பக்க ரோடு, இடப்பக்க ஸ்டீயரிங்

அமீரகத்துல வண்டிகள் ரோட்டோட வலது பக்கம் போகும். ஸ்டீயரிங் இடது பக்கம். நம்ம ஊருக்கு அப்படியே தலைகீழ். ஹைவேல இது பிரச்சினையே இல்லை, முன்னாடி போற வண்டியைப் பார்த்துப் போயிடலாம். தப்பு நடக்கிறது வேற இடங்கள்ல: காலியான ரோட்டுல முதல் திருப்பம், பெட்ரோல் பங்க்லேர்ந்து வெளியே வர்றது, பார்க்கிங், ரவுண்டானா.

மனசுல வெச்சுக்க ஒரே ஒரு விதி: டிரைவர் எப்பவும் ரோட்டோட நடுக்கோட்டுப் பக்கம் இருக்கணும். நம்ம ஊர்லயும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான். திரும்பி முடிச்சதும் "நடுக்கோடு என் பக்கம் இருக்கா?"ன்னு பாருங்க. இல்லைன்னா நீங்க தப்பான பக்கம் வந்துட்டீங்க.

அடுத்தது, வண்டி தன்னால வலது பக்கம் ஒதுங்கும். நாம வருஷக்கணக்கா வண்டியோட வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டினவங்க. இடது பக்கம் உட்கார்ந்ததும், வலது பக்கம் இன்னும் ஒரு ஆள் அகலத்துக்கு வண்டி இருக்குன்னு மூளை மறந்துடும். என் வண்டி உரசினது வலது முன்பக்கம்தான். அதனால முதல் அரை மணி நேரம் காலியான பார்க்கிங்ல ஓட்டிப் பாருங்க. வலது கண்ணாடியை அடிக்கடி பாருங்க. பக்கத்துல உட்கார்றவங்களை "வலது பக்கம் இடம் இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே ஓட்டுங்க. வெட்கமே வேண்டாம்.

ரவுண்டானாவுல வண்டிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில சுத்தும். ஏற்கெனவே உள்ளே இருக்கிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. அதாவது உங்க இடது பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு வழி விடணும். அல் ஐன் ரவுண்டானாக்களுக்குப் பேர்போன ஊர். பலதை இப்போ சிக்னலா மாத்திட்டாங்க, இருந்தாலும் பழகிட்டுப் போங்க.

ஆட்டோமேட்டிக் வண்டியையே எடுங்க. எல்லாம் தலைகீழா இருக்கும்போது வலது கையால கியர் வேற போட வேண்டாம்.

ஸ்பீடு விஷயத்துல எனக்கு ஃபைன் எப்படி வந்ததுன்னு சொல்றேன். துபாய்ல போர்டுல இருக்கிற வேகத்துக்கு மேல 20 கிலோமீட்டர் வரைக்கும் கேமரா விட்டுடும். அபுதாபி எமிரேட்ல 2018 ஆகஸ்ட்லேர்ந்து அந்தச் சலுகை இல்லை. அல் ஐன் அபுதாபி எமிரேட்ல இருக்கு. துபாய்ல ஓட்டின அதே பழக்கத்துல நான் எல்லையைத் தாண்டிப் போனேன், 300 திர்ஹாம் ஃபைன். எந்த எமிரேட்டா இருந்தாலும் போர்டுல இருக்கிற எண்ணைத் தாண்டாதீங்க, இந்தக் குழப்பமே வராது.

மத்த ஃபைன்களையும் தெரிஞ்சுக்குங்க. சீட் பெல்ட் போடலைன்னா 400 திர்ஹாம். டிரைவிங்ல போன் பேசினா 800. சிவப்பு சிக்னலைத் தாண்டினா 1,000, கூடவே வண்டியை 30 நாள் பிடிச்சு வெச்சுக்குவாங்க. நாலு வயசு வரைக்கும் குழந்தைக்குத் தனி சீட் கட்டாயம். குடிச்சிட்டு ஓட்டறதுக்கு "ஒரு பியர் ஓகே"ங்கிற பேச்சே அங்கே இல்லை.

சாலிக்ங்கிற துபாய் டோல்ல நின்னு காசு கட்ட வேண்டாம், தன்னால பதிவாகும். 2025 ஜனவரி 31-லேர்ந்து கூட்ட நேரத்துல 6 திர்ஹாம், மத்த நேரத்துல 4, ராத்திரி ஒண்ணுலேர்ந்து ஆறு வரை இலவசம். வாடகை கம்பெனி அது மேல சர்வீஸ் சார்ஜ் போடலாம். எவ்வளவுன்னு முன்னாடியே கேளுங்க.

வண்டியை எடுக்கும்போது டயரையும் பாருங்க. கொதிக்கிற ரோட்டுல பழைய டயர் வெடிக்கும். அங்கே அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன டயர் சட்டப்படியே கூடாது. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2223-ன்னு இருந்தா 2023-ம் வருஷம் 22-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். வண்டியை நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்குங்க. போனை டேஷ்போர்டு வெயில்ல வெச்சா சூடாகி மேப் நின்னுடும், ஏ.சி. வென்ட் பக்கத்துல மாட்டுங்க.

பேப்பர்: இங்கேதான் பெரிய பணம் இருக்கு

இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட், சுருக்கமா ஐ.டி.பி. டூரிஸ்ட் விசாவுல போய் அங்கே ஓட்ட நம்ம லைசென்ஸோட இதுவும் வேணும். உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வாங்கணும், ஃபீஸ் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். கிளம்பறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே அப்ளை பண்ணுங்க. அங்கே போய் "ஆன்லைன்ல உடனே தர்றோம்"னு சொல்ற வெப்சைட்டை நம்பாதீங்க.

"கம்பெனிக்காரன் ஐ.டி.பி. கேக்கவே இல்லை, வண்டி கொடுத்துட்டான்"னு சில பேர் சொல்வாங்க. வண்டி கொடுக்கிறது வேற, விபத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ் பணம் தர்றது வேற. செல்லுபடியாகிற லைசென்ஸ் இல்லாம ஓட்டினா கார் இன்சூரன்ஸ் போயிடும். உங்க டிராவல் இன்சூரன்ஸ்ல அந்த விபத்துக்கான மருத்துவச் செலவும் போகலாம். எதிர்ல இருக்கிறவருக்குக் காயம்னா மொத்தமும் உங்க தலையில. ஸ்டீயரிங்கை மனைவிகிட்டயோ நண்பர்கிட்டயோ மாத்திக் கொடுக்கிறதா இருந்தா அவங்க பேரும் அக்ரிமென்ட்ல இருக்கணும்.

இன்சூரன்ஸ்ல ரெண்டு தனித்தனி பாலிசி இருக்குன்னு புரிஞ்சுக்குங்க.

கார் வாடகையோட வர்றது வண்டிக்கும் எதிராளிக்கும். அதுல எக்ஸஸ்னு ஒரு தொகை இருக்கும். தப்பு உங்க மேலன்னா அது வரைக்கும் நீங்க கட்டணும். அதைக் குறைக்கத்தான் அந்தத் தினசரி கூடுதல் கவர். டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம், மணல்ல ஓட்டினது இதெல்லாம் பெரும்பாலும் கவர் ஆகாது. போலீஸ் ரிப்போர்ட் இல்லைன்னா எதுவுமே கிடையாது. ஓமன் பார்டர் தாண்டணும்னா தனி அனுமதி, தனி இன்சூரன்ஸ்.

நீங்க இந்தியாவுல எடுக்கிற டிராவல் இன்சூரன்ஸ் உங்க உடம்புக்கு. அதுல "பர்சனல் லயபிலிட்டி"ன்னு ஒரு வரி இருக்கும். கார் ஓட்டி நீங்க ஏற்படுத்தற சேதம் பொதுவா அதுல வராது. அப்பா அம்மாவோட பிபி, சுகர் எல்லாத்தையும் மறைக்காம எழுதுங்க. இதுக்கு மேல நான் சொல்லணுமா?

கார்டு லிமிட்: யாரும் யோசிக்காத இடம்

ஆஸ்பத்திரியில என் கிரெடிட் கார்டு டிக்ளைன் ஆச்சு. காரணம் சிம்பிள். என் லிமிட் 1.5 லட்சம். டிக்கெட் பில் இன்னும் கட்டலை, ஹோட்டல் டெபாசிட் ஒரு பக்கம், கார் டெபாசிட்டுக்கு 2,000 திர்ஹாம், அதாவது 48,000 ரூபாய், இன்னொரு பக்கம் பிளாக் ஆகியிருந்தது. அப்பா உள்ளே படுத்திருக்கார், நான் கவுன்டர்ல நிக்கறேன், மெஷின்ல "டிக்ளைன்டு". மனைவியோட கார்டுதான் காப்பாத்துச்சு.

அதனால டெபாசிட்டுக்கு ஒரு கார்டு, அவசரத்துக்குக் கையே வைக்காத இன்னொரு கார்டு. டெபாசிட் திரும்ப வர சில வாரங்கள் ஆகும், ஃபைன், டோல் எல்லாம் வருதான்னு பார்த்துட்டுத்தான் விடுவாங்க. அதனால அடுத்த மாச இ.எம்.ஐ.க்கு அந்தப் பணத்தை நம்பாதீங்க. கார்டு மெஷின் "ரூபாயா, திர்ஹாமா?"ன்னு கேட்டா திர்ஹாம்னே சொல்லுங்க, ரூபாய்னா ரேட்டுல அடிப்பாங்க. இந்தியாவுல பேக்கேஜா வாங்கினா டி.சி.எஸ். பிடிப்பாங்க. அது செலவு இல்லை, ரிட்டர்ன்ல உங்க வரியில கழிச்சுக்கலாம். ஆனா ட்ரிப் நேரத்துல அந்தப் பணம் கையில இருக்காது. பட்ஜெட்ல அதையும் எழுதி வைங்க.

உண்மையிலேயே கார் வேணுமா?

அஞ்சு நாளும் கார் வெச்சிருந்தோம். அதுல ரெண்டு நாள் அது ஹோட்டல் பார்க்கிங்லதான் நின்னது. துபாய்க்குள்ள மெட்ரோல சாதாரண நோல் கார்டுல ஒரு தடவைக்கு 3, 5 அல்லது 7.50 திர்ஹாம். துபாயிலிருந்து அல் ஐன், அபுதாபிக்கு ஏ.சி. பஸ் இருக்கு, ஒரு ஆளுக்குச் சுமார் 25 திர்ஹாம். நாலு பேர் போயிட்டு வர 200 திர்ஹாம், அதாவது 4,800 ரூபாய். கார் தேவைப்படற ஒண்ணு ரெண்டு நாளைக்கு மட்டும் எடுங்க. மிச்சமாகிற வாடகையை முழு கவருக்குக் கொடுங்க.

கார் எடுக்கிற நாள்லயும் டைமிங் முக்கியம். சென்னையிலேர்ந்து ராத்திரி ஃபிளைட்ல வந்து, தூக்கம் இல்லாம ஏர்போர்ட்லயே வண்டி எடுக்காதீங்க. ஒரு நாள் தூங்கி எழுந்து எடுங்க. காலையில ஆறு, ஆறரைக்குக் கிளம்பி பத்தரைக்குள்ள சேர்ந்துடுங்க. மதியம் உள்ளே இருங்க. சாயங்காலம் அஞ்சுக்கு மேல வெளியே வாங்க. தண்ணி குறைஞ்ச உடம்புக்குக் கவனமும் குறையும். பழக்கமில்லாத ரோடும் உச்சி வெயிலும் ஒரே நேரத்துல வராம பார்த்துக்கிட்டாலே பாதி ரிஸ்க் போயிடும்.

வண்டியில எப்பவும் ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, ஒரு துண்டு, ஓ.ஆர்.எஸ். இருக்கட்டும். வண்டி நின்னுபோனாலோ சின்ன உரசல்னாலோ, ஓரமா நிறுத்திட்டு, குடும்பத்தைப் பக்கத்துல இருக்கிற கடைக்கோ பங்குக்கோ அனுப்பிடுங்க. போலீஸுக்காக ஒருத்தர் காத்திருந்தாப் போதும். பக்கத்துல எதுவும் இல்லைன்னா, வண்டி நல்ல நிலையில, திறந்தவெளியில நிக்கற வரைக்கும் இன்ஜினும் ஏ.சி.யும் ஓடட்டும்.

போன மாசம் அப்பாகிட்ட "மறுபடியும் வெளிநாடு போலாமாப்பா?"ன்னு கேட்டேன். "போலாம். ஆனா ஏ.சி.யை மட்டும் ஆஃப் பண்ணாத"ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரலை.

அடுத்த ட்ரிப்புக்கு எக்ஸெல் ஷீட் போடும்போது, "மிச்சம்"ங்கிற வரிக்குக் கீழேயே "வெயிலும் ரோடும், 20 சதவீதம்"னு ஒரு வரி சேர்த்துடுங்க. அந்தப் பணத்தைச் செலவு பண்ணிட்டு, எதுவும் நடக்காம திரும்பி வந்தீங்கன்னா அது வீண் செலவு இல்லை. அந்த வரி அதோட வேலையைச் சரியா செஞ்சிருக்குன்னு அர்த்தம்.

நல்லபடியா போயிட்டு வாங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.